முதல் இருபது நிமிடம்

முதல் மழையைத் திருப்பி அனுப்புவதுதான்
எனக்குச் சம்பளம் தரும் வேலை.

சையத்பாஷா மலை மொத்தமும் பாறை.
ஒரு சொட்டையும் வைத்துக்கொள்ளத் தெரியாது அதற்கு.
விழுந்த வேகத்தில் வழித்துவிடும்
பழையபேட்டையின் தலையில்.
அங்கிருந்து நீர் ஊருக்குள் இறங்கும்,
கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு:
ஃபயாஸ் மெக்கானிக் கடையின் கறுப்பு ஆயில்,
கிரானைட் பட்டறையின் வெள்ளைச் சேறு,
ஆனி மாதமென்றால்
மாம்பழக்கூழ் ஆலையின் தோலும் புளிப்பும்,
லாரி டயர்கள் ரோட்டில் விட்டுப்போன தூள்.
கோழிக்கடை சமாச்சாரம் ஒன்று உண்டு,
அதை எழுதப்போவதில்லை.

எல்லாம் கால்வாயில் சேர்ந்து
ஏரிக்கு நூறு அடி முன்னால்
என் ஷட்டரில் வந்து முட்டும்.
இடப்பக்கம் வண்டல் தொட்டி.
வலப்பக்கம் ஏரி.
நடுவில் ஒரு சக்கரம், ஒரு டார்ச்,
நகராட்சி கொடுத்த நோட்டு, நான்.

"முதல் இருபது நிமிஷம் தொட்டிக்கு.
அழுக்கெல்லாம் அதுலதான் வரும்.
அப்புறம் வர்றதுதான் மழை"
என்றார் ஹேமாவதி மேடம், பொறியாளர்.
நாற்பத்திரண்டு வருஷம் நனைந்தவனுக்கு
யாரும் சொல்லாத செய்தி.

கடிகாரம் ஏமாற்றும் நாளும் உண்டு.
ஆகவே மூக்கு.
ஆயில் வாடை போய்க் கல் வாடை வரும்.
அப்போது டார்ச் அடித்தால்
கால்வாயின் அடிச் செங்கல் தெரியும்.
அதுதான் கணக்கு.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு
வானம் பேச்சுவார்த்தைக்கே வரவில்லை.
எட்டாம் நிமிடம் தொட்டி கழுத்துவரை.
பத்தாம் நிமிடம் எதிர்த்துத் திரும்பிய நீர்
சுண்ணாம்புக்காரத் தெருவுக்குள் நுழைந்தது.
இருட்டில் குரல்கள்.
பாத்திரம் மிதந்து சுவரில் இடிக்கும் சத்தம் எனக்குத் தெரியும்,
எங்கள் வீட்டிலும் மிதந்திருக்கிறது.
யாரோ என் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள்.
பதினோராம் நிமிடம்
சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினேன்.

நோட்டில் எழுதினேன்: 9.51, திறப்பு.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.
அதில் பேனாவை வைத்தேன்.
மை ஒரு புள்ளியாய் ஊறி
அடுத்த பக்கத்துக்கும் போயிற்று.

ஞாயிறு காலை கரையோரம்
கையகலக் கட்லாக்கள், வயிற்றை வானத்துக்குக் காட்டி.
குத்தகைக்காரர் திம்மராயன் எதுவும் கேட்கவில்லை.
ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.
செவுளைத் திறந்து பார்த்தேன்.
உள்ளே ஃபயாஸ் கடை.

அந்த வாரமே தெருவுக்குப் போனேன்,
மன்னிப்புக்கா விளக்கத்துக்கா என்று தெரியாமல்.
ஷம்ஷாத் ஈரப் பாயை உதறியபடி கேட்டாள்,
"மீன் செத்தது எங்களாலயாண்ணா?"
இல்லை என்றேன்.
ஆமாம் என்பது போல இருந்தது குரல்.
அவள் தன் வாசல்படிகளைக் காட்டினாள். ஐந்து.
"கீழருந்து மூணாவது முங்கற வரைக்கும்
இந்தத் தெருவுல யாருக்கும் ஒண்ணுமில்ல.
இதை எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லையே."

தொட்டியை ஆழமாக்க மேடம் எழுதியிருக்கிறார்.
கோப்பு சென்னையில், நனையாமல், பத்திரமாக.
ஃபயாஸ் பழைய ஆயிலுக்கு ஒரு டின் வைத்திருக்கிறான்.
பாதி நாள் ஞாபகம் வருகிறது அவனுக்கு.

நேற்றிரவு மறுபடி.
மலை வழித்தது. ஊர் இறங்கியது.
கையில் சக்கரம், காதில் போன்.
"ரெண்டாவது படி நனையுதுண்ணா."
பதினொன்று.
"இன்னும் ரெண்டாவதுதான்.
மூணாவதுல எங்க ஃபஸ்லு உக்காந்திருக்கான்,
தூக்கம் வருதாம் அவனுக்கு."
பதினான்கு.
தொட்டி விளிம்பில் நுரை, டார்ச் வெளிச்சத்தில் வானவில் நிறம்.
"அவனை நாலாவதுக்கு ஏத்திட்டேன்."
பதினேழு.
முகத்தை இருட்டுக்குள் நீட்டுகிறேன்.
ஆயில்.
இன்னும் ஆயில்தான்.
"அண்ணா, இருக்கீங்களா?"

இருக்கேன்மா.
ஒரு நிமிஷம்.